ஞானதாஸ் அண்ணனின் ஆட்டோ நேராகப் போகாது

ஞானதாஸ் அண்ணன் ஹாரனை இரண்டு விதமாக அடிப்பார். வழிவிடச் சொல்லி அடிப்பது ஒன்று. அது நீளமாக, கோபமாக இருக்கும். இன்னொன்று சின்னதாக ஒரே ஒரு தட்டு, தெருவில் தெரிந்தவரைப் பார்த்து "இன்னாபா, சௌக்கியமா" என்று கேட்பதுபோல. பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் யாரென்று எட்டிப் பார்ப்பார்கள். அங்கே ஆள் யாரும் இருக்க மாட்டார்கள். ஒரு தென்னைமரம் இருக்கும். அல்லது ஒரு கடையின் மொட்டைமாடியில் பெரிய குக்கர் ஒன்று இருக்கும்.

மாதா கோவிலைத் தாண்டும்போது எல்லாரும்போல அவரும் நெற்றியில் சிலுவை போடுவார். ஸ்டாண்டில் அவருக்கு அடுத்த வண்டிக்காரர் தேசப்பன் கபாலி கோவில் கோபுரம் தெரிந்தால் நெஞ்சைத் தொட்டுக்கொள்வார். அதெல்லாம் எல்லா ஆட்டோக்காரர்களும் செய்வது. தென்னைமரத்துக்கு ஹாரன் அடிப்பவர் ஞானதாஸ் அண்ணன் ஒருவர்தான்.

நான் அவர்கள் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு மாடிப்படிக்குக் கீழே மிஷின் போட்டு, புடவைக்கு ஃபால்ஸ் தைக்கிறேன். எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. மிஷின் தெருவைப் பார்த்து இருப்பதால் தெருவை எனக்கு நன்றாகத் தெரியும். பேசுவதுதான் வராது. புடவை கொடுக்க வருபவர்களிடம்கூட விரலைக் காட்டித்தான் எப்போது வரவேண்டும் என்று சொல்வேன்.

ஞானதாஸ் அண்ணன் சாந்தோமிலேயே பிறந்தவர். அவர்கள் உறவில் பாதிப் பேர் வாத்தியார்கள், மீதிப் பேர் வாத்தியார்களைக் கட்டிக்கொண்டவர்கள். இவரையும் வாத்தியார் ஆக்கிவிட வேண்டும் என்று அவர் அப்பாவுக்கு ஆசை. பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குச் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தவர், வழியில் ஒரு லாரியில் சிமெண்ட் யானை ஒன்று போவதைப் பார்த்திருக்கிறார். அது எங்கே இறங்கப்போகிறது என்று தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை. பின்னாலேயே மிதித்து அசோக் நகர் வரை போய்விட்டார். யானை ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் இறங்கியது. பரீட்சை அதற்குள் முடிந்துவிட்டது.

"கணக்குப் பரீட்சைதான் ஏஞ்சலு" என்பார் என்னிடம். "எழுதிகினு இருந்தாலும் அதே கததான் ஆயிருக்கும். யானையாவது பார்த்தேன்."

போன வருஷம் வரை அவர் போன அதிக தூரம் வேளாங்கண்ணி. மற்றபடி இந்த ஊரைவிட்டு எங்கேயும் போனதில்லை. ஏன் என்று கேட்டால், "இத்தயே இன்னும் பார்த்து முடிக்கலயே" என்பார். எந்தச் சந்தில் விநோதமாக ஒன்று இருந்தாலும் அவருக்குத் தெரிந்துவிடும். தெரிந்ததை வண்டியில் ஏறியவர்களுக்குக் காட்டாமலும் இருக்க மாட்டார். இதற்காகத் தனியாகத் துட்டு வாங்க மாட்டார். அதனால்தான் திட்டவும் முடியவில்லை என்பார் தேசப்பன்.

போனில் கூப்பிடும் ஆட்டோ கம்பெனி ஒன்றில் கொஞ்ச நாள் சேர்ந்திருந்தார். மேப்பில் நீலக்கோடு ஒரு பக்கம் போகும், இவர் வண்டி ஒரு பக்கம் போகும். அவர்களே இவரை நீக்கிவிட்டார்கள். முகூர்த்தத்துக்குப் போகவேண்டிய ஒரு மாமியைத் தென்னைமரம் காட்டக் கூட்டிப்போக, மாமி மண்டபத்துக்குள் நுழைந்தபோது பந்தியில் பாயசம் பரிமாறிக்கொண்டிருந்தார்களாம். மாமி கத்திய கத்தலுக்கு இவர் சொன்ன பதில், "பாயசம் கெடச்சுதுல்ல மாமி?"

ஸ்டாண்டில் அவர் வண்டி வந்து நின்றால் தேசப்பன் கை தட்டுவார். "தோ வந்துட்டாருபா கைடு! நைனா, இன்னிக்கி யாரை எங்க கொண்டுபோய் தொலைச்சே?"

இப்படிப்பட்டவருக்கு ஒரே மகள், லிண்டா. எங்கள் மாதா கோவில் பங்குப் பள்ளிக்கூடத்திலேயே டீச்சர். குடும்பத்தின் வாத்தியார் ஆசையை ஒரு தலைமுறை தாண்டி அவள்தான் நிறைவேற்றினாள். கிண்டியில் வேலை பார்க்கும் ஆஸ்வின் என்கிற பையன் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு எங்கள் கோவிலுக்கு வந்து, பாடல் குழுவில் கீபோர்டு வாசிக்கச் சேர்ந்தான். லிண்டா பாடும் பாட்டில் மட்டும் தப்பாக வாசிப்பான். மூன்றாவது பெஞ்சில் இருந்து நான் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருவருக்கொருவர் பிடித்துப்போய் வீட்டிலும் சொல்லிவிட்டார்கள். ஆஸ்வின் ஒன்றே ஒன்றுதான் சொன்னான். தன் அப்பா சரி என்று சொல்லாமல் அவனால் ஓலை கொடுக்க முடியாது. கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு கோவிலில் பெயரை வாசிப்பதைத்தான் எங்களில் ஓலை என்பது.

"அப்போ சொல்ல வை" என்றாள் லிண்டா. அவள் சிரித்துக்கொண்டு சொன்னாலும், அந்த வாரம் முழுக்க என் படிக்கட்டைத் தாண்டிப் போகும்போது செருப்பைத் தேய்த்துத் தேய்த்து நடந்தாள்.

ஆஸ்வினுடைய அப்பா ஃபிரெட்ரிக்கும் அம்மா ஜொவிட்டாவும் தூத்துக்குடியில் இருந்து வந்தார்கள். திருவான்மியூரில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்கி, சனிக்கிழமை மத்தியானத்துக்குமேல் அவர்கள் இரண்டு பேர் மட்டும் பெண் பார்க்க வந்தார்கள். ஃபிரெட்ரிக் வளைகுடாவில் பல வருஷம் இருந்துவிட்டு வந்தவர். வெள்ளைச் சட்டை, கனமான கடிகாரம், மடிப்புக் கலையாத கர்ச்சீப். திருவான்மியூர்ச் சொந்தக்காரர், "பொண்ணோட அப்பா கொஞ்சம் கழண்ட கேஸு" என்று முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்தார் என்பது ஃபிரெட்ரிக், ஞானதாஸ் அண்ணனை உற்றுப் பார்த்த விதத்திலேயே தெரிந்தது.

பெண் பார்க்க வருபவர்கள் பேச்சு முடியும்வரை பெண் வீட்டில் கை நனைக்கக்கூடாது. எங்களிலும் அப்படித்தான், அவர்கள் ஊரிலும் அப்படித்தானாம். சாப்பிட்டுவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். சாப்பிட்டபிறகு வேண்டாம் என்று சொன்னால் அந்தக் குடும்பத்தை யாரும் மதிக்க மாட்டார்கள். அண்ணனின் மனைவி நோரா அக்கா கேக்கு, அச்சுமுறுக்கு, கட்லெட் எல்லாம் செய்து அடுக்கியிருந்தார். ஃபிரெட்ரிக் எதையும் தொடவில்லை. காபி ஆறி ஏடு கட்டியது. கட்லெட்டை மட்டும் இரண்டு தடவை பார்த்தார். நான் உதவிக்குப் போயிருந்தேன், அடுப்படி வாசலில் நின்றிருந்தேன்.

கடைசியில் எழுந்து, "ஊருக்குப் போயி சொல்லி அனுப்புதோம்" என்றார்.

அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று கல்யாண வயதில் பெண் இருக்கிற எல்லா வீட்டுக்கும் தெரியும். லிண்டா அடுப்படிக்குப் போய், கழுவி வைத்த டம்ளரையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள்.

அவர்கள் கூப்பிட்ட வாடகைக் கார், மெட்ரோவுக்காகத் தோண்டிய பள்ளத்தைச் சுற்றிவர முடியாது என்று கேன்சல் செய்துவிட்டது. ஞானதாஸ் அண்ணன் சாவியை எடுத்தார்.

"நம்ம வண்டிதான் கீதே. நான் வுட்டுட்டு வரேன்."

நோரா அக்காவின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். கேக்கு மேல் நெருப்பு விழுந்த மாதிரி ஆனார். என் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்தார்.

"ஏஞ்சலு, நீயும் ஏறு. நேரா திருவான்மியூர். எங்கனா திருப்புனாருன்னு வையி, கத்திடு."

என்னைத்தான் கத்தச் சொன்னார்.

பின் சீட்டில் ஃபிரெட்ரிக் ஒரு ஓரம், ஜொவிட்டா நடுவில், நான் மறு ஓரம். திருவான்மியூருக்குத் தெற்கே போகவேண்டும். ஞானதாஸ் அண்ணன் முதல் திருப்பத்திலேயே மேற்கே திருப்பினார். நான் வாயைத் திறந்தேன். காற்றுதான் உள்ளே போனது.

"மெட்ரோ வேலை, சார். சுத்திகினுதான் போவணும்" என்றார் அவர். பாதி உண்மை.

மந்தைவெளியில் ஒரு சந்தில் வண்டி மெதுவாகி, சின்னதாக ஒரு ஹாரன் தட்டியது.

"தோ பாருங்க. மரம் மொளச்சது இந்த வூட்ல. வளைஞ்சுகினு சுவத்துக்குள்ள பூந்து அடுத்த வூட்டுக்குப் போவுது. அங்க பிடிக்கலயோ இன்னாவோ, அந்தச் சுவத்தயும் தாண்டி தெருவுக்கு வந்து தலைய தூக்குது. ரெண்டு வூட்டுக்காரங்களும் ஓட்டை வுட்டுத்தான் சுவர் கட்டிக்கிறாங்க."

ஜொவிட்டா தலையை வெளியே நீட்டினார். "அப்ப தேங்கா யாருக்கு?"

"கீழ போறவன் மண்டைக்கு."

ஜொவிட்டா சிரித்துவிட்டார். ஃபிரெட்ரிக் சிரிக்கவில்லை. "இதுல பாக்க என்ன இருக்கு? ஊருல தென்னைக்கா பஞ்சம்? நேரா விடுங்க."

நேராகத்தான் விட்டார். ஆனால் அந்த நேர் தி. நகருக்குப் போகும் நேர். பனகல் பார்க் சிக்னலில் என் போன் அடித்தது. நோரா அக்கா.

"எங்க கீறீங்க?"

"சிக்னல்ல" என்றேன், வாயைக் கையால் மூடி.

"எந்த சிக்னல்?"

"பனகல் பார்க்."

"திருவான்மியூருக்குப் பனகல் பார்க் எப்படி வந்துச்சு ஏஞ்சலு? கத்தச் சொன்னேனே! கத்துனியா?"

"கத்தப்போறேன் அக்கா" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு பாத்திரக்கடை. கடைக்காரர் இனாயத் பாய். அவர் கடை மொட்டைமாடியில்தான் அந்தக் குக்கர் இருக்கிறது. பாத்திரக்கடைக்கு விளம்பரமாகத் தகரத்தில் செய்தது, ஒரு ஆட்டோவை உள்ளே வைத்து மூடலாம். உச்சியில் வெயிட்டும் உண்டு. தினமும் மத்தியானம் விசில் அடிக்கும்படி அதற்குள் மோட்டார் வைத்திருந்தார்கள். அப்போது அது தன் இஷ்டத்துக்கு அடித்துக்கொண்டிருந்தது.

"எப்போ அடிக்கும்?" என்றார் ஜொவிட்டா.

"அது பருப்பு வேகறதப் பொறுத்து" என்றார் அண்ணன்.

ஃபிரெட்ரிக் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு குக்கரைப் பார்த்தார். பிறகு வண்டியைவிட்டு இறங்கி, இடுப்பில் கை வைத்து நின்று, இன்னும் நன்றாகப் பார்த்தார்.

"வால்வு சிக்கியிருக்கு" என்றார். "காத்து சேருது, போவ வழியில்ல. அதான் நேரங்காலம் இல்லாம அடிக்கி. நான் இருந்த ஊருல இதே சீக்கு."

"அங்கயும் குக்கர் கீதா சார்?"

"கூஜா" என்றார் ஃபிரெட்ரிக். தன்னைப்பற்றி அவர் பேசியது அதுதான் முதல் தடவை. "பாலைவனத்துல ஒரு சின்ன ஊரு. ஹைவேஸ் ரோடு அதும் வழியா போவும், நிக்காது. சுத்தி மணலு. ரவுண்டானாவுல ஒரு காபிக் கூஜா, மாடி உயரம். மூக்கு வழியா தண்ணி கொட்டும், கீழ ஒரு பெரிய கப்பு. வெள்ளிக்கிழம லீவு. போவ வேற எடம் கிடையாது. எல்லாவனும் குளிச்சி, நல்ல சட்ட போட்டு, கூஜாவப் பாக்கப் போவோம். பாத்துட்டு வந்து படுத்துக்குவோம்."

"எனக்கு அனுப்புன போட்டோ எல்லாத்துலயும் அந்தக் கூஜாதான்" என்றார் ஜொவிட்டா. "நீ கட்டுனது மனுசனையா கூஜாவையான்னு எங்க அம்ம கேப்பாவ."

"மோட்டாரு நின்னா என்னையத்தான் கூப்புடுவானுவ. முனிசிபாலிட்டி மெயின்டனன்ஸ் நாந்தான். அதுல தண்ணி வரவச்சதே நாந்தான்."

ஞானதாஸ் அண்ணன் வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். "நெசமாவே தண்ணி கொட்டுமா சார்?"

"கொட்டும்."

"பாலைவனத்துல?"

"பாலைவனத்துலதான்."

அண்ணன் கையை நீட்டி ஹாரனை ஒரு தட்டுத் தட்டினார். எதிரே தெருவில் யாரும் இல்லை. அந்தக் கூஜாவுக்குத்தான் என்று நினைக்கிறேன்.

அதே நேரம் குக்கர் விசில் அடித்தது. தெருவே அதிர்ந்தது. ஜொவிட்டா "சேசுவே!" என்று கத்தி என் மடியில் சாய்ந்தார். என்னாலும் கத்த முடியும் என்று அப்போதுதான் தெரிந்தது, ஆனால் விசில் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. ஃபிரெட்ரிக் மட்டும் அசையாமல் நின்று, விசில் அடங்கும்வரை கேட்டுவிட்டு, "நான் சொன்னேம்லா, வால்வு" என்றார்.

ஏறி உட்கார்ந்ததும் அவருக்குத் தான் மாப்பிள்ளையின் அப்பா என்பது ஞாபகம் வந்துவிட்டது. முகத்தைத் தூக்கிக்கொண்டார். "போதும். வீட்டுக்கு விடுங்க."

"தோ, வூடுதான் சார்."

அடையாறில் ஒரு பல் ஆஸ்பத்திரி வாசலில் டைனோசர் நிற்கிறது. முன்பு அது குழந்தைகள் துணிக்கடையாக இருந்தது. கடை காலி செய்தபோது டைனோசரைத் தூக்க முடியாமல் விட்டுப் போனார்கள். அடுத்து வந்த பல் டாக்டரம்மா ஷண்முகப்ரியா, அதை எடுத்துப்போட மனசில்லாமல், அதன் பல்வரிசைக்குக் கம்பி மாட்டிவிட்டார். பல் நேராவதற்குப் பிள்ளைகளுக்கு மாட்டுவார்களே, அந்தக் கிளிப். ஒவ்வொரு பல்லுக்கும் தனித்தனியாக.

வாட்ச்மேன் எழுந்து வந்தார். "வா அண்ணாத்த. விருந்தாளியா? பார்க்கட்டும், பார்க்கட்டும். முன்ன இருந்ததுக்கு இப்போ பல்லு நல்லா நேரா வந்துகினு கீது."

"வாயத் தொறந்து மூடுமா?" என்றார் ஃபிரெட்ரிக் உட்கார்ந்த இடத்தில் இருந்தே.

"மூடாது சார்."

"பின்ன?"

ஆனால் ஜொவிட்டா செல்ஃபி எடுக்க இறங்கியபோது, கழுத்தை நீட்டி அவரும் அந்தப் படத்துக்குள் வந்துவிட்டார். நான் பார்த்தேன். படத்திலும் இருக்கிறது.

வெயில் இறங்கிவிட்டது. இனிமேல் திருவான்மியூருக்குக் கொஞ்ச தூரம்தான். நான் மூச்சு விட்டேன். அண்ணன் கடற்கரைப் பக்கம் திருப்பினார்.

"சார், இது ஒண்ணு. ஒரே ஒண்ணு. உங்க ஊர்க்காரங்க பார்க்கவேண்டியது."

ஊரூர்க் குப்பத்தில் மணல் தொடங்கும் இடத்தில் ஒரு படகு எழுந்து நிற்கிறது. அலையில் பின்பாதி உடைந்த படகு. மீதிப் பாதியை வெட்டி, மூக்கு வானத்தைப் பார்க்கும்படி நட்டு வைத்திருக்கிறார்கள். உள்ளே பலகை அடித்து, அடுப்பு வைத்து, மீன் வறுக்கும் கடை. கடைக்காரி அந்தோணியம்மாள். படகு அவர் புருஷனுடையது. "கடல்ல இருந்தப்போ ஒரு நாளும் ஒழுங்கா சோறு போடல, நிக்க வச்சப்புறம்தான் போடுது" என்பார்.

"இன்னா ஞானு, வழி தெரிஞ்சுதா?" என்று அடுப்பில் இருந்தே கத்தினார். "யாரு இவங்க? குந்துங்க, குந்துங்க!"

ஃபிரெட்ரிக் படகையே சுற்றிச் சுற்றி வந்தார். கடல்காரர்களின் ஊர்க்காரர், விட மாட்டார். பலகையைத் தட்டினார். தடவினார். மூக்கில் இருந்து அடி வரை பார்த்தார்.

"சாய்ச்சி நட்டிருக்கிய. ஒரு புயலுக்குத் தாங்குமா?"

"போன ரெண்டு புயலுக்கும் நின்னுது. இன்னிக்கி உன் வாயிக்கு வுழாம இருந்தா சரி" என்றார் அந்தோணியம்மாள்.

அப்போது வறுத்த சங்கரா மீனின் வாசம் வந்தது. அவர் நின்றுவிட்டார். காலையில் ஏதோ சாப்பிட்டவர், பெண் வீட்டில் கட்லெட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தவர். ஜொவிட்டா அலையில் கால் நனைக்கப் போய்விட்டார். ஞானதாஸ் அண்ணன் படகு மூக்கின் உச்சியில் ஒரு காக்கா கூடு கட்டியிருப்பதை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"கடைதான? காசு குடுத்துத் தின்னா என்ன?" என்று ஃபிரெட்ரிக் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். அந்தோணியம்மாள் தட்டை வைத்தார். மீன் போனது. அந்தோணியம்மாள் சோற்றுச் சட்டியையும் குழம்பையும் பக்கத்தில் வைத்துவிட்டு அடுப்புக்குத் திரும்பினார். சோறும் போனது. நான் பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்திருந்தேன். நான் இருப்பது எப்போதும்போல யாருக்கும் ஞாபகம் இல்லை.

ஜொவிட்டா திரும்பி வந்தபோது அவர் கை கழுவி, கர்ச்சீப்பில் வாய் துடைத்து, பர்ஸை எடுத்துக்கொண்டிருந்தார்.

"துட்டா?" அந்தோணியம்மாள் கரண்டியை ஓங்கினார். "ஞானு கூட வந்தவங்ககிட்ட நான் துட்டு வாங்குவனா? லிண்டாவுக்கு நான் யாரு தெரியுமா? ஞானஸ்நானத் தொட்டில அந்தப் புள்ளைய ஏந்தினவளே நான்தான். நான் அதுக்கு ஞானத்தாய்!"

ஃபிரெட்ரிக் கழுவிய கையைப் பார்த்தார்.

எங்களில் ஞானத்தாய் என்றால் பெற்ற தாய்க்குச் சமம். அந்தப் பிள்ளையின் கல்யாணத்தில் அம்மாவுக்குப் பக்கத்திலேயே நிற்பவர். அந்தோணியம்மாள் கையால் சாப்பிட்டால் அது லிண்டாவின் அம்மா கையால் சாப்பிட்டது. இது ஃபிரெட்ரிக்குக்குத் தெரியும். ஜொவிட்டாவுக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

"ஏங்க" என்றார் ஜொவிட்டா மெதுவாக. "கை நனைச்சிட்டியளா?"

நான் ஞானதாஸ் அண்ணனைப் பார்த்தேன். காக்கா கூட்டில் இருந்து பார்வையை இறக்கிய அவர் முகத்தில் ரத்தமே இல்லை. அந்தோணியம்மாள் யார் என்பதே அவருக்கு இப்போதுதான் ஞாபகம் வந்தது. படகைக் காட்டவேண்டும் என்பதைத் தவிர வேறு எதுவும் அவர் மண்டையில் இருந்திருக்கவில்லை.

"ஐயோ சார், மாதா மேல சத்தியமா, நான் அதுக்குக் கூட்டிகினு வரல" என்றார்.

"மீனுதான் தின்னேன்" என்றார் ஃபிரெட்ரிக் அவசரமாக. "மீனு கணக்குல வராது. அது பலகாரம் மாதிரி. சோத்தத் தொடவே இல்ல."

"தொட்டியளா இல்லையா?"

"இல்லங்கேன்! யாரு பாத்தா?"

யாரும் பார்க்கவில்லை. ஜொவிட்டா தண்ணீரில் நின்றார், அண்ணன் வானத்தைப் பார்த்தார், அந்தோணியம்மாளுக்கு முதுகு இந்தப் பக்கம். தட்டும் கழுவியாகிவிட்டது. லிண்டா டம்ளரைக் கழுவிக்கொண்டே இருந்தது எனக்கு ஞாபகம் வந்தது. வாயைத் திறந்தேன். இந்த முறை காற்று வெளியே வந்தது.

"ரெண்டு வாட்டி சோறு போட்டுக்கினார்" என்றேன். "மூணாவது வாட்டி குழம்பு மட்டும். விரலையும் சப்புனாரு."

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் காதெல்லாம் சுட்டது.

"இந்தப் புள்ள பேசுமா?" என்றார் ஃபிரெட்ரிக். "ஊமன்னுல்லா நெனச்சேன்!"

அந்தோணியம்மாள் சிரித்த சிரிப்பில் படகே ஆடியது. ஜொவிட்டா சிரிக்கவில்லை. புடவை நுனியைப் பிழிந்துகொண்டு சொன்னார். "எனக்குப் பொண்ணைப் பாத்த உடனே பிடிச்சிப்போச்சி. உங்க மூஞ்சியப் பாத்துதான் வாய மூடிட்டு இருந்தேன். இனிமே பேச ஒண்ணும் இல்ல. கை நனைச்சாச்சி. மாட்டேன்னு சொன்னியன்னா ஊருல போயி நானே சொல்லுவேன், பொண்ணு வீட்டுச் சோத்த ரெண்டு தடவ வாங்கித் தின்னுட்டு வந்தாருன்னு."

ஃபிரெட்ரிக் மணலைப் பார்த்தார். பிறகு ஞானதாஸ் அண்ணனைப் பார்த்தார்.

"ஒண்ணு கேக்கேன். மாப்பிள்ள வீட்டுக்காரன் மூஞ்சத் தூக்கிட்டுப் போறான். நல்லபடியா கொண்டு விட்டாத்தான மரியாத? தென்னமரம், குக்கரு, டைனோசருன்னு என்னத்துக்கு இழுத்துட்டு அலஞ்சிய?"

அண்ணன் தலையைச் சொறிந்தார். "நீங்க வேணாம்னுதான் சொல்லப்போறீங்கன்னு தெரியும் சார். ஊருக்குப் போய்ட்டீங்கன்னா அப்பால திரும்பி வர மாட்டீங்க. இந்த ஊருல வந்து இத்தெல்லாம் பார்க்காம போனா எப்படின்னு..." அதற்குமேல் சொல்லத் தெரியாமல், வண்டியின் பக்கம் நடந்தார்.

ஃபிரெட்ரிக் பர்ஸை உள்ளே வைத்தார். "ஓய் சம்மந்தி" என்று கூப்பிட்டார். "அந்த வால்வ மாத்தணும்னு பாய்கிட்ட சொல்லும். இல்லன்னா என்னிக்காவது வெடிச்சிரும்."

என் போன் அடித்தது.

"அக்கா" என்றேன், "கை நனைச்சிட்டாங்க."

"எங்கடி? யார் வூட்ல?"

"படகுல."

நோரா அக்கா போனை வைத்துவிட்டு அழுததாகவும், பிறகு சிரித்ததாகவும், பிறகு அந்தப் பதிலுக்கு என்ன அர்த்தம் என்று தெரியாமல் மறுபடி அழுததாகவும் லிண்டா சொன்னாள்.

மூன்று ஞாயிறும் ஓலை வாசித்தார்கள். ஆட்சேபணை உள்ளவர்கள் சொல்லலாம் என்று சாமியார் நிறுத்தும்போதெல்லாம், அண்ணன் வண்டியில் ஏறி ஏமாந்தவர்கள் யாராவது எழுந்துவிடுவார்களோ என்று நோரா அக்கா பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தார். பாயசம் மாமி நல்லவேளையாக எங்கள் பங்கில் இல்லை.

இப்போது பங்கு முழுக்க வேறு கதை ஓடுகிறது. பசியில் இருந்த சம்பந்தியை ஊரெல்லாம் சுற்றவைத்து, சரியான நேரத்துக்கு ஞானத்தாய் கடையில் இறக்கி, கை நனைக்க வைத்த மூளைக்காரர் என்று ஞானதாஸ் அண்ணனைச் சொல்கிறார்கள். "நைனா, நீ இம்மா பெரிய கேடியா!" என்று தேசப்பன் தோளில் தட்டுகிறார். அண்ணன் மறுப்பதில்லை, சிரித்து வைக்கிறார். மூளை என்று அவரைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் முகத்தை அன்றைக்குப் பார்த்தது நான். எனக்குத் தெரியும்.

லிண்டாவும் ஆஸ்வினும் பெண் குழந்தையோடு அசோக் நகரில், அந்த சிமெண்ட் யானை நிற்கும் மண்டபத்துக்கு அடுத்த தெருவில் குடியிருக்கிறார்கள். வீடு பார்த்துக் கொடுத்தது யார் என்று சொல்லவேண்டியதில்லை. ஃபிரெட்ரிக் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பேத்தியைப் பார்க்க என்று வருகிறார். பேத்தியைக் கொஞ்ச நேரம் பார்க்கிறார். பிறகு இரண்டு சம்பந்திகளும் ஆட்டோவில் போய்விடுகிறார்கள். பாத்திரக்கடைக் குக்கரை அவர்தான் சரி செய்தார். இப்போது அது மத்தியானத்தில் மட்டும் அடிக்கிறது. அண்ணனுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்.

போன வருஷம் ஃபிரெட்ரிக் தூத்துக்குடியில் தன் வீட்டு வாசலில், ரோட்டைப் பார்த்து, சிமெண்டில் ஒரு காபிக் கூஜா கட்டினார். பஸ்ஸில் போகிறவர்கள் எழுந்து நின்று பார்க்கிறார்களாம். ஞானதாஸ் அண்ணன் வேளாங்கண்ணியைத் தாண்டி முதல் தடவையாக அவ்வளவு தூரம் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். சுற்றிவந்து பார்த்துவிட்டு, "தண்ணி வருமா?" என்று கேட்டாராம்.

கூஜாவின் மூக்கு அடைத்திருக்கிறது. மோட்டார் வாங்கி வைத்திருக்கிறார்கள். இன்றுவரை தண்ணீர் வரவில்லை.